காலமானவருக்கு ஏழு மதிப்பெண்

இறையியல் துறையில் இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொருவரைச் சாகடித்தால்தான் தேற முடியும். அடக்க ஆராதனைப் பிரசங்கத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. உணவுக்கூடத்து நீள மேசையை வகுப்புக்குத் தூக்கிவந்து, விடுதி மெத்தையொன்றைச் சுருட்டி வைத்து, வெள்ளைத் துணி போர்த்திவிட்டால் காலமானவர் தயார். அவர் யார், என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் மாணவரின் கற்பனை. இருபதுக்குப் பத்து மதிப்பெண்ணாவது வாங்காதவரை இந்த ஆண்டு எந்தச் சபைக்கும் போதகராக அனுப்பமாட்டார்கள்.

முதலில் பேசியவனுக்கு இடி என்று பட்டப்பெயர். அவனுடைய காலமானவர் ஒரு தலைமையாசிரியர். அநாதைகளை வளர்த்தவர், எதிரியை மன்னித்தவர், சாகும்போதும் சிரித்தவர். மூன்றாவது பத்தியில் இடிக்குத் தொண்டை அடைத்தது. ஒத்திகையிலும் அதே இடத்தில்தான் அடைத்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துக்கத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதி முனைவரானவர் அவர். துக்கம் அடிக்குறிப்போடு வந்தால்தான் அவருக்கு அடையாளம் தெரியும். பத்தொன்பது போட்டார்.

அடுத்து ஊமைக்கோட்டான். விடுதியில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேசைமேல் கிடந்ததும் அவன் மெத்தைதான். மெல்லியது, சுருட்ட வாகாக இருக்கும்.

போன மாதம் அவன் அப்பா இறந்துபோனார். துறையிலிருந்து அச்சடித்த அனுதாபக் கடிதம் வந்தது. பெயர் எழுத விட்ட கோடு காலியாக இருக்க, கீழே பேராசிரியரின் கையெழுத்து மட்டும் வாலைச் சுழற்றி நின்றது. அடக்கத்தன்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவனுக்குப் பேச்சு வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது, இன்னும் அப்படியேதான்.

“இவர் பஸ் ஓட்டினார்” என்று மெத்தையைக் காட்டித் தொடங்கினான். “ஓய்வு பெற்ற பிறகும், டிவியில் யாராவது சாலையின் குறுக்கே ஓடினால், இவர் வலது கால் தரையில் பிரேக் போடும். சபையில் கடைசி வரிசை. பிரசங்கம் நீண்டால் வெளியே போய், நிற்கிற வண்டிகளின் டயரைப் பார்ப்பார். எங்களைக் கட்டிப்பிடித்ததில்லை. கிளம்பும்போது குடை இருக்கிறதா என்பார். இப்போது எங்கே இருக்கிறாரென்று எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும்.”

வகுப்பு தரையைப் பார்த்தது. பேராசிரியரைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

“இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா தம்பி? நம்பவே முடியலையே! பிரேக்கெல்லாம் எதுக்கு இங்க? கண்ணீர் எங்க?”

“வரல சார்.”

“வரவழைக்கணும். நாளைக்கு மறுபடி பேசுங்க. ஒண்ணு செய்யுங்க, சொந்த அப்பாவே செத்துட்டதா நெனச்சுக்குங்க.”

யாரோ இருமினார்கள்.

“சரி சார்.”

ஏழு.

மாலையில் இடி அவன் அறைக்கு வந்தான். “அந்தாளுகிட்ட நான் போய்ச் சொல்லட்டுமாடா?”

“என்னன்னு?”

இடி தன் பிரசங்கத்தை நீட்டினான். “என் ஆளையே எடுத்துக்கோ. ஏற்கெனவே செத்தவர்தானே, இன்னொரு வாட்டி செத்தா வலிக்கவா போகுது? வாத்தியார டாக்டரா மட்டும் மாத்திக்கோ.”

மூன்றாவது பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘இங்கே தொண்டை அடைக்கவும். ஐந்து எண்ணவும்.’

மறுநாள் காலை டாக்டர் காலமானார். அநாதைகளை வளர்த்தார், மன்னித்தார், சிரித்தார். சிவப்பு மை வந்ததும் ஊமைக்கோட்டான் நிறுத்தி, உள்ளுக்குள் ஐந்து எண்ணினான். உள்ளே வேறொன்றும் இல்லாததால் எண்ணுவது சுலபமாக இருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாத்தீங்களா? அப்பாவ நெனச்சதும் எப்படிப் பொங்கிட்டு வருது!”

பதினைந்து.

எல்லாரும் போன பின் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

“பாஸாயிட்டியாப்பா?”

“பதினஞ்சும்மா.”

“அப்பாவப் பத்தியா பேசுன?”

“அது நேத்து. ஏழு. இன்னைக்கு வேற ஒருத்தர்.”

“நல்ல மனுஷனா?”

“ரொம்ப.”

“அதான்” என்றாள் அம்மா. “பிரேக் போடுவாரே, அதச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“ம். சாப்பிட்டியா?”

“இனிமேதான்.”

காலமானவரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். ராத்திரி அதன்மேல்தான் படுக்க வேண்டும்.