சாந்தகுமாரியின் கனம்

1998 மார்ச்சில், ஜோகுபாளையத்தில், ஐம்பது கிலோகூடத் தேறாத சாந்தகுமாரியை ஆறு ஆம்பிளைகள் சேர்ந்தும் கட்டிலிலிருந்து தூக்க முடியவில்லை. நம்பாதவர்கள் அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம்; இதற்காக யாரும் சத்தியம் செய்யப்போவதில்லை.

தொண்ணூற்றியொன்று டிசம்பரில், ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் அந்தக் கன்னட ஊரில் தமிழர்களைத் தேடி அடித்த கலவரத்தில், தமிழ் வீடுகளெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. அன்று காதுவரை ஏறிய அவள் தோள்கள் பிறகு இறங்கவேயில்லை. பயம் உடம்பை இலேசாக்கும். அடுத்த ஆடிக் காற்றில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனவளை, புருஷன் இராஜமாணிக்கம் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுக்கவேண்டியிருந்தது. தோள்வலிக்கு எண்ணெய், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சுப்ரியா என்ற இளம்பெண் நடத்திய ஐகிடோ வகுப்பில் சேர்ந்தாள். ஜப்பான்காரர்களின் வித்தைதான், ஆனால் அடிதடி இல்லை. ஒருத்தி நிற்பாள், இருவர் அவளைத் தூக்கிப் பார்ப்பார்கள். விறைத்து நின்றால் காலிக்குடம்போல எழும்பிவிடுவாள். தோளைத் தளரவிட்டுக் கனத்தை அடிவயிற்றுக்கு இறக்கினால் அசைக்க முடியாது. மற்றவர்கள் அந்தக் கனத்தை ஹாலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சாந்தகுமாரி கூடவே கொண்டுவந்தாள். வண்டி தாங்காது என்று ஆட்டோக்காரர்கள் "பேடம்மா", வேண்டாம்மா, என்று கன்னடத்தில் கும்பிட்டார்கள். போகட்டுமே, எத்தனையோ வருஷம் கழித்து அவள் அசந்து தூங்கினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அப்போதுதான் அந்த வயிற்றுவலி வந்தது. குடல்வால் வெடிக்கப்போகிறது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. தூக்கப்போனவர்களில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். உடம்பை இறுக்கிக்கொள்ள அவளும் முயன்று பார்த்தாள், வரவில்லை. ஓடிவந்த சுப்ரியா, தளரத்தான் சொல்லிக்கொடுத்தேன், இறுக்க எனக்கே மறந்துவிட்டது என்று கையைப் பிசைந்தாள்.

இராஜமாணிக்கத்துக்கு ஒரு வழி தெரியும். செய்ய மனசு வரவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"சாந்தா, வந்துட்டாங்க. சத்தம் போடாதே."

அவள் கட்டிலைவிட்டு ஒரு முழம் எழும்பினாள். அவர் ஒற்றைக் கையால் ஏந்திக்கொண்டு ஓடினார்.

பிழைத்துவிட்டாள். ஆனால் கால் அப்புறம் தரையில் படவில்லை, தோளும் பழையபடி காதுக்கே போய்விட்டது. கஷ்டப்பட்டுச் சேர்த்ததையெல்லாம் ஒரு வார்த்தையில் பிடுங்கிவிட்டோமே என்று அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. தையல் பிரித்த அன்று அவளே கேட்டாள்.

"பொய்தானே சொன்னீங்க?"

"பொய்தான்."

"அப்ப உங்க குரல் ஏன் அப்படி நடுங்குச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளும் குனிந்து பார்த்தாள். அவர் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த டிசம்பரிலிருந்தே அப்படித்தானாம். ரெண்டு பேருமே பயந்தால் வீடு என்னத்துக்காகும் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாராம். சாந்தகுமாரி அழுதாள்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து இருவரும் கைகோத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள், முதல் பாடத்திலிருந்து. இரண்டாயிரத்து மூன்றிலும் இருவர் காலும் தரைக்கு முழுசாக இறங்கியபாடில்லை. திரும்பும் வழியில் காய் வாங்குவார்கள். கடைக்கார ரத்தினம்மாள் பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக் கொடுப்பாள்.