சவேரியம்மாவின் மன்றாட்டு

முனைவர் படிப்பில் அமலி ஆராய்வது சாணி வண்டுகளை. அதற்குப் பணம் தரும் பெல்லோஷிப் ஒன்றுக்கு அவள் விண்ணப்பம் போட்ட மறுநாளே, அவள் அம்மா சவேரியம்மா, மாதா கோவிலில் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோவிலில் சாமியார், "அமலியின் சாணி வண்டு ஆராய்ச்சிக்குப் பெல்லோஷிப் கிடைக்க" என்று மைக்கில் வாசித்தார். அன்றிலிருந்து தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம், "வண்டுக் காசு வந்துருச்சா?" என்று கேட்டார்கள்.

வரவில்லை. 'வருந்துகிறோம்' என்று ஒரு மெயில்தான் வந்தது.

"ஊரு பூராம் தெரிய வச்சுட்டியே! இனி கோவில் பக்கம் நான் எப்புடி வருவேன்?" என்று அமலி எரிந்து விழுந்தாள்.

"யாரு தள்ளிவிட்டது?"

"தேர்வுக்குழு."

"அவுங்க வண்டப் பாத்துருக்காங்களா?"

"பேசாம போம்மா."

அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பது சவேரியம்மாவின் முறை. மகளை இழுத்துக்கொண்டுதான் போனாள். அமலி கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். திருத்தந்தைக்காகவும் மழைக்காகவும் வாசித்து முடித்த சவேரியம்மா, தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எம் மகளோட விண்ணப்பத்தத் தள்ளிவிட்ட பெரியவங்களுக்கு அடுத்த வருசமாச்சும் நல்ல புத்தியக் குடுக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

சாமியார் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது கோவில், வழக்கத்தைவிட உரக்க. எல்லாருக்கும் மேலாகக் கேட்டது, கடைசி வரிசையில் முக்காட்டுக்குள்ளிருந்து வந்த குரல்.