நாலு சொன்ன பிறகு

"அக்கா, போன கொஞ்சம் தூக்குங்க. அண்ணன் மொகம் தெரியல."

தோஹாவில், கம்பெனி கொடுத்த அறையில், கட்டிலில் உட்கார்ந்தபடி சுமன் சொன்னான். இலங்கையில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் பூரணி கையை உயர்த்தினாள். ஜீவராஜ் சவப்பெட்டிக்குள் தெரிந்தான். நெஞ்சுவலி என்று கொண்டுபோனவனை ஆஸ்பத்திரியிலிருந்து இப்படித்தான் கொடுத்தார்கள். சுமனுக்கு லீவு கிடைக்கவில்லை.

கால்மாட்டில் கொழுந்துச் சாக்கில் தீட்டிய படம் போர்த்தியிருந்தது. ஜீவராஜ் ரொக் கிட்டார் வாசிக்க வாசிக்க மேடையிலேயே நின்று ஓவியக்காரி ஷாமிலா வரைந்தது.

தோட்டத்தில் வருடாவருடம் ஆடும் காமன் கூத்துக்குள் ஜீவராஜ் கிட்டாரைக் கொண்டுவந்தபோது தோட்டமே சிரித்தது. காமன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரிக்குக் கரண்டுக் கிட்டார்! போதாததற்கு, தொடங்குமுன் இங்கிலீசில் எண்ணிக்கை வேறு.

"தப்புக்கு எதுக்குடா வன் டூ த்ரீ? எங்க சாமிக்கு இங்கிலீசு தெரியாது" என்றார் தப்பு மேளம் அடிக்கும் அழகுமுத்து.

"ஒங்க தப்புக்குத் தெரியும்ணே" என்றான் ஜீவராஜ்.

பிறகு, அவன் எண்ணாவிட்டால் அந்த ஒப்பாரிக்கு அவர் கை இறங்காது என்றாகிவிட்டது.

அம்மாவின் குரல் உடைந்து கேட்டது. "அவனையும் அழ வச்சிராதடி. அங்க தனியா கெடக்கான்."

சுமன் போனில் மைக்கை அணைத்துவிட்டு அழுதான்.

சாவு மேளம் ஓய்ந்தது. தோல் இறுக, தப்புகளை மறுபடி நெருப்பில் காய்ச்சினார்கள். ஜீவராஜுக்கு அந்த ஒப்பாரியையே பாட, கூத்தில் ரதி வேஷம் கட்டும் திலக்ஷன் வேஷமில்லாமல், சாரம் கட்டியபடி முன்னே வந்தான்.

"மீசயோட ரதியாடா?" என்றார் அழகுமுத்து.

"அவரு எந்திரிச்சு வந்தா எடுத்துர்றேன் மாமா."

யாரும் சிரிக்கவில்லை. குச்சிகள் உயர்ந்தன. இறங்கவில்லை. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள்.

"மழ வருதுப்பா. தூக்குவோமா?" என்றது ஒரு குரல்.

"இருங்கய்யா. எண்ணாம கை வரமாட்டேங்குது" என்றார் அழகுமுத்து.

பூரணி போனை அழகுமுத்து பக்கம் திருப்பினாள். "தம்பி, நீ சொல்லுடா."

அண்ணனோடு பேஸ் கிட்டார் வாசித்தவன்தான் சுமன். ஆனால் ஒருநாளும் அவன் எண்ணியதில்லை. தொண்டையைச் செருமினான்.

வன். டூ. த்ரீ. ஃபோர்.

தப்புகள் ஒன்றாக அதிர்ந்தன. திலக்ஷன் குரலெடுத்தான். பெட்டி தோள்களுக்கு ஏறியது.

அப்போதுதான் சுமன் திரையின் அடியைப் பார்த்தான். மைக் படத்தின் குறுக்கே, அணைத்ததற்கான சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அவர்கள் அவன் வாயைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

விரலைக் கொண்டுபோனான். தொடவில்லை. தேயிலைக்கு நடுவே பெட்டி இறங்கி மறையும்வரை அவன் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.