செத்தால்தான் பணம்

எருமப்பட்டிக்குத் தெற்கே தங்கசாமியின் கோழிப்பண்ணைக்கும் அவருடைய பங்காளி செல்லமுத்துவின் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே கிணறு. மூன்று நாள் தண்ணீர் பண்ணைக்கு, அடுத்த மூன்று நாள் தோட்டத்துக்கு என்று தாத்தா காலத்துப் பேச்சு. எண்பத்து மூணாம் வருசம் மழையே இல்லை. கிணற்றின் அடியில் இருந்த தண்ணீர் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் தீர்ந்துபோகும். ஷெட்டில் நாலாயிரம் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தங்கசாமி முறை பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தினமும் மோட்டார் போடச் சொன்னார்.

போட்டவன் சின்னண்ணன். பண்ணையில் பதினோரு வருசமாக வேலைக்கு இருந்தான்; தங்கசாமியைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவான். அவன் பெண்டாட்டி மாரியாயி முட்டை பொறுக்குவாள். இருவருக்கும் பிள்ளை இல்லை. பண்ணைக் காவலுக்கு என்று தங்கசாமி பெங்களூரிலிருந்து வாங்கி வந்த அல்சேஷன் நாய் சீசரை வளர்த்ததும் அவர்கள்தான். கோழிகளுக்கு இன்சூரன்ஸ் போட வந்த ஏஜெண்ட் சரவணமுத்து, "சாதி நாய்க்கும் போடலாமுங்க" என்று சொல்லப்போக, தங்கசாமி அதற்கும் ஒரு பாலிசி எடுத்து வைத்திருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்ததில்லை.

சித்திரை மாசம், உச்சி வெயில். செல்லமுத்து இரண்டு ஆட்களோடு வந்தான். ஒருவன் கையில் கடப்பாரை. செல்லமுத்துவின் கையில் அருவாள்.

"மோட்டாரை நிறுத்துடா."

"பண்ணாடி நாமக்கல் போயிருக்காருங்க. வந்ததும் பேசிக்கோங்க. கோழி செத்துப்போயிருமுங்க."

"என்ற கரும்பு செத்துப்போச்சு. அதுக்கு எவன்கிட்டப் பேசறது?"

கடப்பாரைக்காரன் மோட்டார் பைப்பை நோக்கி நடந்தான். சின்னண்ணன் குறுக்கே போய் நின்றான். பேச்சு அவ்வளவுதான் நடந்தது. கடப்பாரையின் அடிப்பக்கம் அவன் இடது காதுக்கு மேலே இறங்கியது. அவன் முழங்காலில் விழுந்தான். இரண்டாவது அடி தோளில். காது பாதி கிழிந்து தொங்க, கன்னமெல்லாம் ரத்தம் வழிய, அவன் அப்போதும் பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். செல்லமுத்து அவன் முதுகில் மிதித்தான். "உடுறா. உடலைன்னா கையோட வெட்டிப் போடுவேன்."

ஷெட்டுக்குள்ளிருந்து மாரியாயி பார்த்தாள். கத்தினால் கேட்க அக்கம்பக்கம் யாரும் இல்லை. அவள் ஓடிப்போய் நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

சீசர் குரைக்கவே இல்லை. நாற்பது அடி தூரத்தை ஓடிக் கடந்து செல்லமுத்துவின் தொடையைக் கவ்வியது. அவன் அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தான். நாய் தலையை உதற உதறச் சதை கிழிந்தது. கடப்பாரைக்காரன் அதன் முதுகில் ஓங்கி அடித்தான்; அது பல்லை எடுக்கவில்லை. கீழே கிடந்தபடியே செல்லமுத்து அருவாளை அதன் வயிற்றுக்கடியில் விட்டு இழுத்தான். அப்போதும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை இழுத்தபோதுதான் வாய் திறந்தது. ஆட்கள் செல்லமுத்துவைத் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடினார்கள். நாய் பத்தடி துரத்திப் போனது. அதன் குடல் மண்ணில் இழுபட்டு வந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

மாரியாயி தோளில் கிடந்த துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, குடலை மண்ணோடு அள்ளி உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டினாள். நாய் அவள் மணிக்கட்டைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டு முடிச்சை இறுக்கினாள். முட்டை ஏற்ற வேண்டிய வேன் அப்போதுதான் டிரைவரோடு வந்து நின்றது. அட்டைகளைக் கீழே தள்ளி நாயை ஏற்றினார்கள். நாமக்கல் போய்ச் சேரும்வரை சின்னண்ணன் ஒரு கையால் தன் காதையும் மறு கையால் அதன் தலையையும் பிடித்துக்கொண்டு வந்தான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சாரதாமணி இருந்தார். சேலத்துக்காரர், வேலைக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. துண்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"குடல் ரெண்டு இடத்துல அறுந்திருக்கு. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு மீதியச் சேர்த்துத் தைக்கணும். உடனே பண்ணணும். பொழைக்கிறதுக்குப் பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும். பண்ணலைன்னா சாயங்காலத்துக்குள்ள செத்துரும். அதுவரைக்கும் வலியில துடிக்கும்."

"பண்ணுங்கம்மா."

"நாய் உங்களுதா?"

"பண்ணாடியோடதுங்க," என்றான் சின்னண்ணன். டாக்டர் நாய்க்கு மயக்க ஊசி ஒன்று போட்டு, புதுத் துணியை நனைத்துக் கட்டினார். முட்டை மண்டியில் இருந்த தங்கசாமிக்கு ஆள் போனது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஏஜெண்ட் சரவணமுத்து, மடியில் ஒரு தோல் பையோடு. வரும் வழியில் தங்கசாமியே அவரை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

மேசைமேல் நாய் கிடந்தது. தங்கசாமி அதைப் பார்த்தார். சின்னண்ணனின் காதைப் பார்த்தார். "பைப்பு?" என்றார்.

"உடைக்கலீங்க பண்ணாடி."

"சரி." ஏஜெண்ட் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. ஆப்பரேசனுக்கு உங்க கம்பெனி பணம் குடுக்குமா?"

சரவணமுத்து காகிதத்தை விரித்தார். "வைத்தியச் செலவு இதுல வராதுங்க. நாய் செத்தாத்தான் பணம்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "இது அழகுக்குப் பண்ற ஆப்பரேசன் இல்ல. உயிரைக் காப்பாத்தறதுக்கு. நான் எழுதியே தாரேன்."

"அது ஒரு இடத்துல வருதுங்கம்மா." ஏஜெண்ட் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "உயிரைக் காப்பாத்த அவசியம்னு டாக்டர் சொல்லிப் பண்ணின ஆப்பரேசன்ல நாய் செத்துப்போனா, பணம் உண்டு. பொழைச்சுட்டா ஒண்ணும் கிடையாது. செலவு நம்மளுது."

"ஊசி போட்டுக் கொன்னுட்டா?"

"நாமளாக் கொன்னா கிடையாதுங்க."

தங்கசாமி யோசித்தார். "வயித்தத் தெச்ச நாயி இனிக் காவலுக்கு ஆகுமாம்மா?"

"ஓடியாடறது கஷ்டம்தான்."

"அப்ப உட்ருங்க. அதும்பாட்டுக்குப் போகட்டும். வேற குட்டி வாங்கிக்கலாம்."

"பண்ணாடி," என்றான் சின்னண்ணன். "அது இல்லீன்னா இன்னைக்கு நான் அங்கயே பொணமுங்க."

"உனக்குத் தையல் போடச் சொல்றேன். போயி வெளிய உக்காரு."

"செலவ என்ற கூலியில புடிச்சுக்கோங்க. எத்தன வருசம் ஆனாலுஞ் செரி."

"போடான்னா."

டாக்டர் உள்ளறைக்குப் போனார். கத்தியும் ஊசியும் ஏற்கெனவே அங்கே கொதித்துக்கொண்டிருந்தன. அவர் அடுப்பை அணைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் தங்கசாமி மேசையருகே போய், நாயின் வயிற்றில் கட்டியிருந்த ஈரத்துணியின் முடிச்சை இழுத்துவிட்டார். சாயங்காலம்வரை எதற்கு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். துணி சரிந்தது. குடல் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. மயக்கத்திலும் நாய் ஒரு குரல் கொடுத்தது. குழந்தை அழுத மாதிரி இருந்தது என்று ஏஜெண்ட் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

மூலையில் ஒரு இரும்பு முக்காலி இருந்தது. சின்னண்ணன் அதைத் தூக்கினான். முதல் வீச்சில் தங்கசாமியின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் சுவரில் சாய்ந்து, "டேய், நான்டா..." என்று சொல்ல வாய் திறந்தார். இரண்டாவது வீச்சு வாயிலேயே விழுந்தது. பல் சிதறியது. பதினோரு வருசம் எதிர்த்துப் பேசாத ஆள், மூன்றாவது வீச்சுக்கு முக்காலியைத் தலைக்கு மேலே கொண்டுபோனான். மாரியாயி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"வேண்டாமுங்க மாமா! செத்துப்போயிருவாரு! நாயப் பாருங்க, நாயப் பாருங்க!"

அவன் முக்காலியைக் கீழே போட்டான். அவனுக்கு இன்னும் அடிக்க வேண்டும் என்றிருந்தது. அதுதான் தனக்கே பயமாக இருந்தது என்று பின்னால் மாரியாயியிடம் சொன்னான்.

ஏஜெண்ட் தங்கசாமியை இழுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"ஆப்பரேசனுக்கு யாராவது சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

"கைநாட்டுத்தானுங்க."

"வைங்க."

மை தேவைப்படவில்லை. கையிலிருந்த ரத்தத்திலேயே பெருவிரலை அழுத்தினான். பிறகு அவன் நாயின் முன்னங்கால்களையும் மாரியாயி பின்னங்கால்களையும் பிடித்துக்கொண்டார்கள். மயக்க மருந்து போதவில்லை. நாய் இரண்டு தடவை விழித்துத் திமிறியது. டாக்டர் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, மண் ஒட்டிய குடலைக் கழுவிக் கழுவி எடுத்தார். ஒரு முழம் வெட்டி வாளியில் போட்டார். நடுவில் போலீஸ்காரர் கதவைத் தட்டினார். "முடிஞ்சாத்தான் தெறப்பேன்!" என்று டாக்டர் உள்ளிருந்தே கத்தினார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசித் தையல் போட்டதும் சின்னண்ணன் குழாயில் கை கழுவி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானே தாழை நீக்கிப் போலீஸ்காரரோடு போனான். ஸ்டேஷனில் வைத்துதான் அவன் காதுக்குத் தையல் போட்டார்கள். அதற்கு முன் லத்தியால் அடித்தும் இருந்தார்கள்.

பங்காளிகள் இருவரும் ஒரே மாசத்தில் ராசியாகிவிட்டார்கள். ஆளுக்கொரு கேஸ் போட்டிருந்தார்கள், இரண்டையும் வாபஸ் வாங்கினார்கள். கிணற்றுத் தண்ணீர் மறுபடி மூன்று நாள், மூன்று நாள் ஆயிற்று. சின்னண்ணன் மேல் போட்ட கேஸ் மட்டும் நின்றது. நாலு மாசம் சேலம் ஜெயில்.

மாரியாயி நாயைக் கூட்டிக்கொண்டு எருமப்பட்டியில் தன் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடிசையாக ஒரு சாளை போட்டு இருந்தாள். ஒருநாள் ஏஜெண்ட் சரவணமுத்து வந்தார். நாய் ஆப்பரேசனில் செத்துவிட்டது என்று தங்கசாமி மனு எழுதிப் போட்டிருந்தாராம். சாளைக்குள் எலும்பும் தோலுமாகச் சீசர் படுத்திருந்தது. ஏஜெண்டைக் கண்டதும் உறுமியது.

"மேல கொடுக்கறதுக்கு நான் என்னம்மா எழுதட்டும்?" என்றார் அவர்.

"கண்ணுல பாத்தத எழுதுங்க."

எழுதினார். அதற்கு நாலாம் நாள் பகலில் தங்கசாமி வந்தார், கட்டுப்போட்ட தோளோடு. கூட வந்தவன் செல்லமுத்து. அவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். கையில் சுருக்குக் கயிறு.

"என்ற நாய நான் ஓட்டிப் போறேன், நகரு," என்றார் தங்கசாமி. பல்லில்லாமல் பேச்சு குழறியது.

மாரியாயி சாளை வாசலில் கொடுவாளோடு நின்றாள். "ஓட்டிப் போயி என்ன பண்ணுவீங்க?"

"அது உனக்கெதுக்கு?"

செல்லமுத்து அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே குனிந்தான். மாரியாயி கொடுவாளின் முதுகுப்புறத்தைத் திருப்பி அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் தங்கசாமிக்கும் கேட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அவள் கொடுவாளைத் திருப்பிப் பிடித்தாள்.

"அடுத்தது வாய்ப்பக்கமுங்க பண்ணாடி. என்ற ஊட்டுக்காரரு ஜெயில்ல இருக்காரு. எனக்கும் அங்க ஒரு எடம் இருக்கும்."

அவர்கள் போய்விட்டார்கள். பெண்பிள்ளையிடம் அடிபட்டேன் என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லச் செல்லமுத்துவுக்கு வாய் வரவில்லை. மறுபடி அவர்கள் வரவுமில்லை. ஆனால் எலும்பு உடைந்த அந்தச் சத்தம் அன்று முழுக்க மாரியாயியின் காதிலேயே இருந்தது.

புரட்டாசியில் சின்னண்ணன் விடுதலையாகி வந்தான். தலை மொட்டை, பாதிக் காது, உடம்பில் வேறு வாடை. சாளைக்குள் நுழைந்து, "சீசரு, சாமி..." என்று கையை நீட்டினான். நாய் பாய்ந்து அந்தக் கையைக் கவ்வியது. இப்போது அது யாரையும் அண்டவிடுவதில்லை. சோறு வைக்கும் மாரியாயியைக்கூட இரண்டு தடவை கடித்திருந்தது.

மாரியாயி கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடிக்காத புள்ள," என்றான் அவன். கையை இழுக்காமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். புறங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. நாய் பல்லை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக மூக்கை விரித்து ஒருமுறை மோந்தது. மறுபடியும் மோந்தது. அவன் காத்திருந்தான்.