வெட்டிய வரி

1
இது எனக்குச் சரியாக நினைவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஸோம்பா நகர மண்டபம், சுதந்திரம் கிடைத்துப் பத்தாவது வருடம், யோதாமு கன்யெண்டாவின் ஐந்தாவது நாடகம். நடிகர்கள் மறந்தால் வசனம் எடுத்துக்கொடுக்க, பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நிச்சயம்.

2
முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘யோதாமு பயமே அறியாதவர்.’ அடித்துவிட்டேன். தணிக்கைக்குப் பிரதி கொடுக்கும் நாளில் அவருக்குச் சோளக்களி தொண்டையில் இறங்காது. வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்து பேர் வாங்கியவர், சொந்த ஆட்சியில் ஒவ்வொரு பக்கத்தையும் முத்திரைக்கு அனுப்பினார். நாடகத்தன்று முன்வரிசையில் தணிக்கை அதிகாரி அந்தப் பிரதியை மடியில் விரித்து, வரிவரியாகப் பென்சிலை நகர்த்துவார். மேடையைப் பார்க்கவே மாட்டார்.

அந்த முறை ஒரு வரியை வெட்டியிருந்தார்கள்: ‘அப்பா தூங்கும்போதுதான் இந்த வீட்டில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.’

(அப்போது நாட்டுக்கே ஒருவர்தான் அப்பா. அவர் படம் மண்டபச் சுவரிலும் இருந்தது.)

3
மகளாக நடித்த எஸ்நாத்தி அந்த இடத்தில் நின்றுபோனாள். மூன்று மாதம் ஒத்திகையில் சொன்ன வரி. வெட்டி மூன்றே நாள். என் கையில் புதுப் பிரதி. என் வாயில்

[இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதினேன். முடிக்க வரவில்லை.]

எஸ்நாத்தியின் குரலில் அந்த வரி மண்டபம் முழுக்கக் கேட்டது. பென்சில் நின்றது.

4
திரைக்குப் பின்னால் வந்த அதிகாரி, யார் எடுத்துக்கொடுத்தது என்று கேட்டார். யோதாமு என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் சொல்லச் சொன்னேன். எழுதுனவன் நான், வேற எவன் சொல்லுவான்?”

“ஏண்ணே, ஒரு வரிக்காகவா? எனக்கும்ல வேலை வெக்கிறீங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

5
போன ஜூனில், யோதாமுவை அடக்கம் செய்த அன்று, எஸ்நாத்தி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள்.

“லமேக்கு, நானா சொன்னேனா, உன் குரல் கேட்டுச் சொன்னேனா, தெரியலடா. நீதான்னு சொல்லிடேன். நான் ஒரு நாளாவது தூங்கணும்.”

ஆமாம் என்று சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் கையைப் பிடித்து அழுவதாக இன்னொன்று. இரண்டிலும் நான் நல்லவனாக இருந்தேன். கிழித்துவிட்டேன். உங்களிடம் வேறு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

6
யோதாமு நான்கு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் வானொலிக்கு உரம் பற்றிய குறுநாடகங்கள் மட்டும் எழுதினார். அதிகாரி ஓய்வு பெற்றுத் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறார். எஸ்நாத்தி லிலோங்வேயில் கோழி வளர்க்கிறாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.