ஒரே அடுப்பில் ஐந்து பேர்

"நீங்க அதிகமா சாப்பிடுறீங்கக்கா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நாங்களா? இந்த உடம்பைப் பாத்துச் சொல்லு. வேணும்னா வயித்தைத் திறந்து காட்டவா?"

பக்கத்து வீட்டுத் தையல்காரியின் குரல் மேல்மாடி வரை ஏறியது. அவள் வாசலில் தராசோடு நின்ற கணக்கெடுப்புப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. நான் துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே வந்தேன். காய்ந்த துணிதான், அதனால் என்ன.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஏழை என்று உறுதியான குடும்பத்துக்கு நகரத்து எல்லையில் புது வீடு. மற்றவர்கள் சட்டி பானையோடு தெருவில். வாயால் கேட்டால் எல்லோரும் ஏழைதானே, அதனால் நிறுத்துப் பார்க்கிறார்கள். சமைக்கும் முன் அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் தராசில் வைப்பது. மறுநாள் மிச்சத்தை வைப்பது. உள்ளே போனதை ஆள் கணக்கால் வகுப்பது. வருகிற அளவு அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் ஏழை. மாடி வீட்டு டிரைவர் எடை போட்ட அந்த வாரம் முழுக்க மச்சினன் வீட்டில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்து, பரம ஏழையாகத் தேறிவிட்டார்.

தையல்காரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவள், பெயின்டர் புருஷன், மகள், மகன் என்று நாலே பேர். நாலு பேரும் குச்சிக்குச் சட்டை மாட்டியது போல இருப்பார்கள். ஆனால் தினமும் அந்த வீட்டில் ஐந்து பேர் சாப்பாடு காலியாகிக்கொண்டிருந்தது.

"மிச்சம் வச்சுட்டுத்தான் படுக்கிறேன். காலைல பாத்தா, கழுவிக் கவுத்த மாதிரி இருக்கு பாத்திரம்," என்றாள் தையல்காரி. குரல் இப்போது இறங்கியிருந்தது.

"எலியா இருக்கும்," என்றேன்.

"மூடியை எடுத்துத் தின்னுட்டு, மறுபடி மூடி வைக்கிற எலியாக்கா?"

மகனைச் சந்தேகப்பட்டு, பெயின்டர் பாத்திரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்ததும் எனக்குத் தெரியும். விடிந்தால் அதுவும் காலி.

கணக்கெடுப்புப் பெண் கொஞ்சம் இளகினாள். "இங்க பாருங்கக்கா. ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க எல்லாரும் ஒரே குடும்பம், அதான் எங்க விதி. சொந்தமா இருக்கணும்னுகூட இல்ல. வேற யாராவது இங்க சாப்பிட்டா சொல்லுங்க. அஞ்சால வகுத்தா கோட்டுக்குக் கீழ வந்துருவீங்க."

தையல்காரி என்னைப் பார்த்தாள். நான் கொடியில் எதையோ தேடினேன்.

"ஆமா, இன்னொருத்தி இருக்கா," என்றாள்.

வாய் கூசாத பொய். எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் யார் தும்மினாலும் இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

"கண்ணால பாக்காம ஏத்தக்கூடாதுக்கா."

"உள்ள படுத்திருக்கா. உடம்பு சரியில்ல, எழுப்பாதம்மா."

அந்தப் பெண் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். தையல்காரியின் முகம் செத்துவிட்டது. மாட்டிக்கொண்டாள் என்று நானும் வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றேன்.

வெளியே வந்தவள் ரகசியம் போலப் பேசினாள். "முழிச்சுதான் இருக்காங்க. உங்க தங்கச்சியா? அப்படியே உங்க ஜாடை. வயசு கேட்டேன், சிரிக்கிறாங்களே தவிர பதில் இல்ல. முப்பதுன்னு போட்டுட்டேன்."

தையல்காரி வீட்டுக்கு ஒரே பெண். தங்கச்சியும் இல்லை, அக்காவும் இல்லை.

தராசு படியிறங்கிப் போனதும் நாங்கள் இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். ஆள் இல்லை. பாய் மட்டும் விரித்திருந்தது.

"காலைலயே சுருட்டி வச்சேனேக்கா," என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஐந்தாவதாக ஒரு தட்டு வைக்கத் தொடங்கினாள். தட்டு காலியானது, பாத்திரத்து மிச்சம் அப்படியே இருந்தது. "கணக்குல ஏறிட்டாள்ல, இனி எதுக்குத் திருடித் திங்கணும்?" என்றார் பெயின்டர். சிரிக்கத்தான் சொன்னார், அவரே சிரிக்கவில்லை.

வீடு ஒதுக்கினார்கள். ஆனால் சாவி கொடுக்கும் இடத்தில் தலை எண்ணுவார்களாம். ஒரு தலை குறைந்தாலும் வீடு இல்லையாம். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது, பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். வழியனுப்பப் போனபோது தையல்காரி காலி வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கோபித்துக்கொண்ட உறவுக்காரியைக் கூப்பிடுவதுபோல உள்ளே பார்த்துச் சொன்னாள்: "வா. எல்லாரும் கிளம்பியாச்சு. உனக்காகத்தான் நிக்கிறோம்."

சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கினாள். ஏன் என்று தெரியவில்லை, நானும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். யாருடைய முந்தானையோ என் புறங்கையை உரசிக்கொண்டு போனது.

சாவி கிடைத்துவிட்டது. தலைக்கணக்கு சரியாக இருந்ததாம். கணக்கெடுப்புப் பெண் அலுவலகத்திலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். தையல்காரியின் மகளுக்கும் போன வருஷம் கல்யாணமாகித் தனிக்குடித்தனம். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "உங்க தங்கச்சிக்கு எப்ப முடிக்கப் போறீங்க?" என்று தையல்காரியிடம் அக்கறையாக விசாரித்தார்களாம்.