நுரை வராத போத்தல்

கிளாரிஸ்ஸாவின் கை ஓரிடத்தில் தங்காது. சோற்றுத் தட்டிலிருந்து தலைக்குப் போகும், தலையிலிருந்து தோளுக்கு வரும். சொறிவாள், தட்டுவாள், கழுத்தைத் திருப்பித் தோளைப் பார்ப்பாள். வேலைக்குக் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். அதில் விழும் பொடுகு ஊருக்கே தெரியும்.

அவள் வேலை பார்ப்பது பாசீர் பெனாம்பாங்கில் ஒரு கடலுணவுக் கடையில். அவளைக் கல்லாவில் உட்கார வைப்பதாகச் சொன்ன முதலாளி தவுக்கேயின் மனைவி, தோளைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். மாதக் கடைசிக்குள் தலை சரியாகாவிட்டால் பின்கட்டில் நண்டு கழுவப் போ என்று மலாயில் சொல்லிவிட்டாள்.

"வாடி, நண்டுங்க உன் தோளைப் பார்க்காது லா" என்று பின்கட்டில் நண்டு கழுவும் விமலா சிரித்தாள்.

கோலசிலாங்கூர் மருந்துக்கடைப் பெண் முடியை வகிர்ந்து பார்த்தாள். "வாராவாரம் எண்ணெய் வைப்பீங்களா? செதில் எண்ணெயோட சேர்ந்து துவாரமெல்லாம் அடைச்சுக் கிடக்கு. எண்ணெயை நிறுத்துங்க. இந்த ஷாம்பூவை வாரம் ரெண்டு தடவை தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் விட்டுக் கழுவுங்க."

அம்மா மவுரீனுக்கு அது பிடிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை பொடுகு உடம்புச் சூட்டால் வருவது. சூட்டைத் தணிக்க எண்ணெயை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

இரண்டு வாரம் ஓடியது. அரிப்பு கூடியதே தவிர அடங்கவில்லை. எவ்வளவு ஷாம்பு தேய்த்தாலும் நுரை வரவில்லை. ஒரு காலை, போத்தலைக் குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே மஞ்சளாக ஒரு படலம். முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய்!

"அம்மா! இதுல என்னம்மா ஊத்துன?"

"கொஞ்சூண்டு எண்ணெய்தான் லா. மோந்து பார்த்தேன், காரமா அடிச்சுது. மருந்து சூடு. உன் மண்டை வெந்துடுமேன்னு..."

"ரெண்டு வாரமா நான் எண்ணெயையா தேய்ச்சேன்? கல்லா கைவிட்டுப் போகுதும்மா!"

வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததே இல்லை. மவுரீன் மகளின் தோளைப் பார்த்தாள். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்தபோது கையில் புதுப் போத்தல்.

"குனி" என்றாள். அவளே தேய்த்தாள். நுரை காதுவரை பொங்கியது. "அஞ்சு நிமிஷம்தானே? செபமாலையில ஒரு பத்து மணி சொல்றேன். முடியிற வரைக்கும் அசையாதே."

மூன்றாவது மணியிலேயே மவுரீனுக்குப் பொறுக்கவில்லை. "எரியுதாடி? கழுவிடலாமா?"

"செபத்துக்கு நடுவுல பேசாதம்மா."

முணுமுணுப்பு மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

மாதக் கடைசியில் தவுக்கேயின் மனைவி அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். தோளில் நாலைந்து துகள் இருக்கத்தான் செய்தன. அவற்றைத் தானே தட்டிவிட்டு, கல்லா நாற்காலியைக் காட்டினாள்.

கிளாரிஸ்ஸா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உச்சியில் அரித்தது. எழுந்த கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.